கீச்சுப் பொம்மைக்காக உறுமும் மூத்தவள்

வீட்டில் மூன்று நாய்கள்: 6 வயது லாப்ரடார் பெண், 3 வயது கலப்பின ஆண், 10 மாத பீகிள் குட்டி. 5 வாரமாக, கீச்சுப் பொம்மை கிடைத்தால் மூத்தவள் உடம்பை விறைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் முறைத்து, குட்டி கிட்டே வந்தாலே உறுமுகிறாள். போன வாரம் அவன் காதில் பல் பட்டுவிட்டது. பந்து, கயிறு, சாப்பாடு எதற்கும் சண்டையில்லை.

ஒரே மாதிரி மூன்று பொம்மை போட்டேன். மூன்றையும் அவளே சேர்த்து வைத்துக்கொண்டாள்! சரி என்று எல்லாவற்றையும் ஒளித்து வைத்தால், குட்டி செருப்பைக் கடிக்கிறான். தின்பண்டம் காட்டினால் என்னிடம் விட்டுத் தருகிறாள். குட்டி பக்கத்தில் இருந்தால் மாட்டாள். மருத்துவர் பார்த்துவிட்டார், வலி எதுவும் இல்லையாம். உறுமினால் திட்டுவதில்லை; திட்டினால் அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடக்கூடும்.

இப்போது தடுப்புக் கதவு போட்டுத் தனித்தனியாக விளையாட விடுகிறேன். இருவரையும் மறுபடி ஒரே அறையில் பொம்மையோடு விடுவதற்கு, இதே அனுபவம் உள்ளவர்கள் பயிற்சியை எங்கிருந்து தொடங்கினீர்கள்?