வட்டத்தின் நடுவில் வைத்த பை

வட்டமாக ஆடிய அனுபவங்களை வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஸ்பெயினின் பார்சிலோனாவில். வேலைக்காக இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன்.

ஞாயிறு காலைகளில் பேராலயத்தின் முன் சதுக்கத்தில் சர்தானா ஆடுவார்கள். அந்தப் பகுதியின் காட்டலான் மக்கள் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம் அது. மூன்று வாரம் ஓரமாக நின்று பார்த்தேன். நான்காம் வாரம், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் பக்கத்துக் கையை விட்டுவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். என் முதுகுப்பையைத் தொட்டு, வட்டத்தின் நடுவைக் காட்டினார். அங்கே கைப்பைகளும் கோட்டுகளும், கீரைத் தண்டு எட்டிப்பார்க்கும் ஒரு காய்கறிப் பையும் குவிந்து கிடந்தன. என் பையில் பாஸ்போர்ட் இருந்தது. ஜேப்படிக்குப் பேர்போன ஊர் வேறு. ஆனாலும் வைத்தேன். எல்லோரும் உள்நோக்கி நிற்கும்போது அதைவிடக் காவலான இடம் ஏது?

இசைக்குழுவில் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் இடக்கையால் சின்னக் குழலைப் பிடித்து ஊதிக்கொண்டே, அதே கையில் மாட்டிய குட்டி முரசை வலக்கைக் குச்சியால் தட்டித் தொடங்கி வைப்பார். குறுகிய அடிகளுக்குக் கைகள் கீழே இருக்கும். நீண்ட அடிகளுக்குத் தோள்வரை உயரும். ஆடுகிறவர்கள் சிரிக்கவில்லையே என்று முதலில் நினைத்தேன். அவர்கள் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி அடியும் கடைசி இசையும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் தப்பினால் வட்டமே தப்பும். அடி மாறும்போதெல்லாம் அம்மையார் என் உள்ளங்கையை அழுத்தினார். யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஓர் ஆணுக்கும் அவருக்கு வலப்பக்கம் நிற்கும் அவருடைய ஜோடிப் பெண்ணுக்கும் இடையில் மட்டும் புகக்கூடாது.

1924இல், பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரத்தில், 'லா சாந்தா எஸ்பினா' என்ற சர்தானாப் பாட்டுக்கே தடை போட்டார்கள். பிறகு வந்த சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பள்ளிகளிலிருந்து காட்டலான் மொழி விரட்டப்பட்டது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்தான் இந்த அம்மையாரும். அவர் சொன்னதை அவருடைய பேத்தி எனக்கு விளக்கினாள்: "பாட்டி வகுப்பில் தாய்மொழி பேசினால் அடி விழுமாம். ஆட்டத்தில் யாரும் வாய் திறக்கத் தேவையில்லை."

*

கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊரிலிருந்து எழுதுகிறேன். பார்சிலோனாக் கடிதத்தில் பை வைத்ததைப் படித்தபோது எங்கள் ஆட்டம் நினைவுக்கு வந்தது. நாங்கள் கைகோப்பதில்லை. கைகளை வீசி, அடி ஒத்து, வட்டமாகச் சுற்றுவோம். ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆடுவது வெளியாருக்குத் தெரியும். சாவு வீட்டிலும் எங்களுக்கு ஆட்டம் உண்டு. முன்பெல்லாம் அதற்கு நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வந்து இசை வாசிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

என் பாட்டி இறந்தபோது உடலைச் சுற்றி ஆடினோம். அழுதுகொண்டே ஆடினேன், கால் தானாகப் போயிற்று. எனக்கு முன்னால் ஆடியவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நிலத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அன்றும் அவர் பேசவில்லை. ஆனால் நான் தடுமாறிய இடத்தில் தன் அடியைச் சற்றுத் தாமதித்து வைத்தார். நான் சேர்ந்துகொண்டேன்.