புதுப்பிப்பு: புது பைக்கின் முதல் சர்வீஸ் வீட்டிலேயே

முதல் சர்வீஸில் ஆயில் மாற்றும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் பழைய வாஷரையே போடலாம் என்றிருந்தேன், போடாதீர்கள். நசுங்கிய வாஷர் மறுபடி ஒட்டி உட்காராது. கசிவை நிறுத்த இன்னும் முறுக்குவோம், அலுமினிய மரை போய்விடும். புது வாஷர், மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கும் அளவு), அவ்வளவுதான்.

வடித்த ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், புது இன்ஜின் தேய்ந்து படியும் தூள் அது. விரலில் நெருடும் துண்டு வந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது ஆயிலை மேனுவல் அளவைவிட 50 மி.லி. குறைத்து ஊற்றி, இன்ஜினை ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவு பார்த்து நிரப்புங்கள்.

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி பக்கம் ஓடும் வண்டிக்கு ஆயிலைவிட செயின்தான் கவலை. உப்புக்காற்றில் இணைப்புத் தகடுகளின் ஓரம் செம்மண் நிறமாகும். உவர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை மறுபடி பூசுவதுபோல. நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும். முழுக்கக் காய்ந்தபின் செயினின் உள்பக்கம் செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள) செயினில் பெட்ரோல், கம்பி பிரஷ் இரண்டும் கூடாது. பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

இலவச சர்வீஸ் கூப்பனை விட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம், நிபந்தனையைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.