இரண்டு மணி நேரம் ஓவனில் இருந்தும் வேகாத உருளைக்கிழங்கு

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை யாரிடமாவது சொன்னால்தான் மனது ஆறும். உருளைக்கிழங்கை வட்டமாகச் சீவி, அடுக்கடுக்காக வைத்து, கிரீமும் சீஸும் போட்டு ஓவனில் பேக் செய்வார்களே, கிராட்டன், அதைச் செய்தேன். நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. மொத்தம் ஒன்பது பேர். முதல் தடவை செய்கிற பதார்த்தத்தை விருந்தாளிகள் வரும் நாளில் செய்யக் கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

செய்ததை அப்படியே சொல்கிறேன், எங்கே தப்பு என்று பாருங்கள். ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, சிப்ஸ் கட்டையில் தேய்த்தேன். அவர்கள் வர நேரம் இருந்ததால், கறுத்துவிடக் கூடாதென்று தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதில் போட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் ஊறியிருக்கும். வடித்து, துடைக்காமல் ட்ரேயில் அடுக்கினேன். கிரீம் வாங்க மறந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் இருந்த கொழுப்பு நீக்கிய பாலை அரை லிட்டர் ஊற்றி, மேலே சீஸ் தூவி, 180 டிகிரியில் வைத்தேன்.

நாற்பது நிமிடத்தில் மேலே பொன்னிறம் வந்துவிட்டது. "இதோ ஆயிற்று" என்று எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கத்தியை இறக்கினால், 'நறுக்' என்கிறது! மறுபடி உள்ளே. ஒன்றரை மணி நேரத்தில் சீஸ் கருகத் தொடங்கியது. கீழே பால் திரிந்து, தெளிந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதக்கிறது. இரண்டு மணி நேரம் ஆகியும் கிழங்கு அசையவில்லை. நாத்தனார் மகன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "அத்தை, இதை மெல்லணுமா, முழுங்கணுமா?" என்றான். ஓவன் கெட்டுவிட்டதா, கிழங்கு சரியில்லையா?

* * *

ஓவனும் நன்றாக இருக்கிறது, கிழங்கும் நன்றாக இருக்கிறது. குற்றவாளி அந்த எலுமிச்சம்பழம்.

நான் இதே குழியில் வேறு பக்கமாக விழுந்தவன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அடுக்குகளுக்கு நடுவே தக்காளி வில்லைகளை வைத்தேன். தக்காளியைத் தொட்டுக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் கல். ஓரத்தில், தக்காளி படாத இடத்தில், அதே கிழங்கு வெண்ணெயாக மசிந்தது. ஒரே ட்ரே, ஒரே சூடு. அப்போதுதான் உறைத்தது: காய் வெந்த பிறகுதான் புளிப்பு சேர்க்க வேண்டும் என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் இதுதான்.

காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அது சூட்டில் இளகினால்தான் கிழங்கு மிருதுவாகும். புளிப்பு சேர்ந்தால் அது எளிதில் இளகாது. சாலட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கிறவர்கள், துண்டுகள் உடையாமல் இருக்க வேண்டும் என்றே தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடுவார்கள். நீங்கள் அதே வேலையை ஒரு மணி நேரம் செய்திருக்கிறீர்கள், அதுவும் மெல்லிய சீவலில். பால் திரிந்ததிலும் எலுமிச்சைக்குப் பங்கு உண்டு. துடைக்காமல் அடுக்கியதால் அந்தப் புளிப்புத் தண்ணீர் நேராகப் பாலில் கலந்துவிட்டது.

* * *

பாலைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எலுமிச்சை இல்லாவிட்டாலும் கொழுப்பு நீக்கிய பால் ஒரு மணி நேர ஓவன் சூட்டில் திரிந்துவிட வாய்ப்பு அதிகம். கொழுப்பு அதிகமுள்ள கிரீம் அவ்வளவு லேசில் திரியாது. கிரீம் இல்லையென்றால் வெண்ணெயில் மைதாவை வதக்கிப் பால் விட்டு, வெள்ளை சாஸ் செய்து ஊற்றலாம். மாவு பாலைத் திரியாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்த மாவு வாடை பிடிக்காது, அது வேறு விஷயம்.

என் சோதனை வேறு மாதிரி. பால் திரியவில்லை, கிழங்கும் வெந்தது, ஆனால் ட்ரே முழுக்க ரசம் மாதிரி ஓடியது. கரண்டியில் எடுத்தால் கிழங்கு மட்டும் வரும், கிரீம் வழிந்து கீழே போய்விடும். காரணம் என் சுத்தம்தான். சீவியதை மூன்று தண்ணீர் விட்டு அலசியிருந்தேன். அலசிய தண்ணீர் வெள்ளையாகப் போனபோது அழுக்கு போகிறது என்று நினைத்தேன். போனது மாவுச்சத்து. இந்தப் பதார்த்தத்தைக் கெட்டியாக்க அதைவிட்டால் வேறு ஆள் கிடையாது. வறுவலுக்கு அலசுங்கள், இதற்கு அலசாதீர்கள்.

இப்போது நான் சீவியதை நேராகப் பாத்திரத்தில் போட்டுவிடுகிறேன். தடிமன் மூன்று மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஒரு கிலோவுக்கு 300 மில்லி கிரீம், 300 மில்லி முழுக் கொழுப்புப் பால், நசுக்கிய பூண்டு இரண்டு பல், உப்பு, மிளகு, துளி ஜாதிக்காய். அடுப்பில் சிறு தீயில் வைத்து, கிழங்கு உடையாமல் மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் பார்த்தால் கரண்டியின் முதுகில் பால் படலமாக ஒட்டும், விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். அங்கே இறக்கிவிடலாம். பாதி வெந்த கிழங்கு சூடாகவே ட்ரேக்குப் போவதால் ஓவனிலும் நேரம் குறையும். கிழங்கு கறுக்குமே என்ற கவலையும் இல்லை, பாலில் மூழ்கிய கிழங்குக்குக் காற்று ஏது!

சிப்ஸ் கட்டையில் கடைசித் துண்டைக் கையால் தேய்க்காதீர்கள். என் கட்டைவிரலில் அடையாளம் இருக்கிறது.

* * *

சீஸ் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. துருவிப் பாக்கெட்டில் வருகிற சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். அதனால் வழவழவென்று உருகாது, சாஸில் போட்டால் நரநரவென்று நிற்கும். கட்டியாக வாங்கி நாமே துருவிக்கொண்டால் போதும். நன்றாக முதிர்ந்த செடாரை மட்டும் கொட்டினால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். நான் பாதி செடார், பாதி லேசாக உருகும் சீஸ் என்று கலந்துவிடுகிறேன். எப்போதும் கடைசி இருபது நிமிடத்தில்தான்.

* * *

சண்டைக்கு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதன் மூல வடிவமான தொஃபினுவா கிராட்டனில் சீஸே கிடையாது. தென்கிழக்கு பிரான்ஸின் தொஃபினே பகுதிப் பதார்த்தம் அது. 1788 ஜூலை 12 அன்று காப் என்ற ஊரில் நகர அதிகாரிகளுக்கு ஒரு பிரபு கொடுத்த விருந்தில்தான் இதன் பெயர் முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது. கிழங்கு, பால், கிரீம், பூண்டு, அவ்வளவுதான். சீஸ் சேர்ப்பது பக்கத்தில் இருக்கும் சவோயா பகுதியின் வழக்கம், அவர்கள் பாலுக்குப் பதிலாக இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். நாம் செய்வது இரண்டும் கலந்த கலப்படம். கலப்படம்தான் ருசி, அதை மறுக்கவில்லை.

கிராட்டன் என்ற சொல்லுக்கே சுரண்டுவது என்றுதான் வேர்ப்பொருள். பாத்திரத்தில் ஒட்டிப் பிடித்ததைச் சுரண்டித் தின்பது.

* * *

கேள்வி கேட்டவள் திரும்ப வந்திருக்கிறேன். நேற்று மறுபடி செய்தேன், விருந்தாளி யாரும் இல்லாமல்.

எலுமிச்சையும் இல்லை, அலசலும் இல்லை. பாலிலேயே கொதிக்கவிட்டேன். கரண்டி முதுகில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன், கோடு நின்றது. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். ஃபாயில் மூடி 180 டிகிரியில் முப்பது நிமிடம், திறந்து சீஸ் தூவி இன்னும் இருபது. ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ் விட்டுக் கொதித்தது. கத்தி சத்தமே இல்லாமல் இறங்கியது.

அவசரப்பட்டு உடனே ஒரு ஓரத்தை வெட்டினேன், குளம் மாதிரி வழிந்தது. மறுபடி பயந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து இன்னொரு பக்கம் வெட்டினால், அதே ட்ரேயில் அடுக்கு குலையாமல் சதுரமாக எழுந்து வருகிறது. ஆறவிட வேண்டும் என்று நீங்கள் ஒருவரும் சொல்லவில்லை, பரவாயில்லை.

உப்பு கொஞ்சம் குறைவு. கிழங்கு இவ்வளவு உப்பைக் குடிக்கும் என்று நினைக்கவில்லை. ட்ரே இன்னும் சிங்க்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. மூலையில் ஒட்டியதை மட்டும் காணவில்லை, ராத்திரி இவர் ஸ்பூனோடு சமையலறைப் பக்கம் போனதைப் பார்த்தேன்.