புதுப்பிப்பு: சைக்கிள் ஓட்டும்போது ஸ்டோமா பை கசிவது நின்றது

மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு, சைக்கிள் மிதித்து வியர்த்தாலே கொலோஸ்டமி பை (வயிற்றில் வைத்த திறப்பான ஸ்டோமா வழியாக வரும் மலத்தைச் சேர்க்க, தோலில் ஒட்டும் பை) ஓரமாகக் கசிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ஸ்டோமாவை மறுபடி அளக்கச் சொன்ன செவிலியர் அக்காவின் யோசனை. அறுவைக்குப் பின் முதல் 6–8 வாரங்களில் வீக்கம் வடிந்து அது சுருங்குமாம். என்னுடையதும் சுருங்கியிருந்தது, பையின் ஒட்டும் பகுதியில் பழைய அளவுக்கு வெட்டிய துளை அதற்குப் பெரிதாகி, மலம் தோலில் பட்டு ஒட்டு விட்டிருக்கிறது. இப்போது ஸ்டோமாவைவிட 2–3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டி, ஒட்டியபின் உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திச் சூடேற்றுகிறேன். பையைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட்டும் நல்லதுதான், அது மட்டும் போதவில்லை.

எதிர்பாராதது: எண்ணெய்ப்பசை உள்ள சோப்பும் ஒட்டைக் கெடுக்கிறது. தோலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரே போதும். அப்புறம், பாரம் தூக்க மட்டும் டாக்டர் இன்னும் விடவில்லை, குடலிறக்கம் வருமென்று.