46-இல் ஆன்லே: எத்தனை கஸ்ப்பை மூடுவது, ஒட்டு ஏன் விடுகிறது?

பயிற்சி_மருத்துவர்

வணக்கம். 46, அதாவது கீழ்த்தாடை வலது முதல் கடைவாய்ப்பல். பழைய வெள்ளி அடைப்பைச் சுற்றிச் சொத்தை, நாக்குப் பக்கத்துப் பின் கஸ்ப் (பல்லின் மேட்டு முனை) உடைந்திருக்கிறது. சொத்தையை முழுக்க எடுத்தபின் நாக்குப் பக்கத்து முன் கஸ்ப்பின் அடியில் 1.5 மி.மீ. தான் தேறுகிறது. கன்னப் பக்கச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, விரிசல் இல்லை. பின்பக்க விளிம்பு ஈறுக்கு 1 மி.மீ. கீழே போய்விட்டது. குளிர் வைத்தால் கூச்சம் வந்து உடனே அடங்குகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனி சுத்தம்.

கேப்புக்காகச் சுற்றிலும் சீவ மனமில்லை. லித்தியம் டைசிலிகேட் பீங்கானில் ஆன்லே (கஸ்ப்பையும் மூடி ஒட்டும் பகுதி மூடி) வைக்க எண்ணம். எந்தக் கஸ்ப்களை மூட வேண்டும்? பின்பக்க விளிம்பை எப்படிச் சமாளிப்பது? ஆன்லே கழன்று வருவதற்குச் சிமெண்ட் காரணமா, சீவிய விதம் காரணமா?

கடைவாய்

நாக்குப் பக்கத்துக் கஸ்ப் இரண்டையும் மூடுங்கள். உயிருள்ள பல்லில் 2 மி.மீ.க்குக் குறைந்த சுவரை நம்பி விடக்கூடாது. கன்னப் பக்கத்தை அப்படியே விடலாம். இதே பல்லுக்கு ரூட் கேனால் ஆகியிருந்தால் எல்லாக் கஸ்ப்பையும் மூடச் சொல்லியிருப்பேன். கஸ்ப்பை மூடாமல் உள்ளே மட்டும் பொருந்தும் இன்லே இங்கே வேண்டாம். அது கஸ்ப்களுக்கு நடுவே ஆப்பு போல உட்கார்ந்து, மெலிந்த சுவரை வெளியே தள்ளும்.

மூடும் கஸ்ப் மேல் 1.5 மி.மீ. இடம் எடுங்கள். நடுப் பள்ளத்திலும் அதே ஆழம் வேண்டும். உடைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சுவர்கள் மேல்நோக்கி ஒவ்வொரு பக்கமும் 6 முதல் 10 பாகை விரியட்டும். உள்மூலைகள் எல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும். விளிம்பு நேர்வெட்டு, சாய்வெட்டு கூடாது. தங்க இன்லேவுக்குப் படித்த சாய்வெட்டைப் பீங்கானில் போட்டால் அந்த மெல்லிய ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். 1907-இல் டாகர்ட் மெழுகு வார்ப்பு முறையைக் காட்டியதிலிருந்து வந்த பழக்கம் அது. வளைந்து கொடுக்கும் உலோகத்துக்குச் சரி, பீங்கானுக்கு ஆகாது.

பின்பக்க விளிம்புக்கு முதலில் எலும்பு மட்டத்தைப் பாருங்கள். விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே 2 மி.மீ. கூட இல்லையென்றால் ஈறு அறுவைதான் வழி. இடம் இருந்து, எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் டேமும் பல்லைச் சுற்றும் மேட்ரிக்ஸ் பட்டையும் கசிவில்லாமல் நிற்குமானால், காம்போசிட்டால் (பல் நிற ரெசின்) விளிம்பை ஈறுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். டேம் நிற்காத இடத்தில் ஆன்லே ஒட்டவே முயலாதீர்கள்.

சீவிய அன்றே, அளவெடுக்கும் முன், வெளியே தெரியும் டென்டினுக்கு (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) பாண்டிங் எனும் ஒட்டுத் திரவம் பூசி, இறுகுவதற்கு லைட் காட்டுங்கள். பிறகு கிளிசரின் ஜெல் தடவி இன்னொரு முறை லைட் காட்டினால் மேலே ஒட்டும் பிசுக்கு போகும். அந்தப் பிசுக்கோடு அளவெடுத்தால், அளவெடுக்கும் சிலிக்கான் அந்த இடத்தில் இறுகாது.

மெழுகுக்கத்தி

லேப் பக்கத்திலிருந்து. தடிமன் போதவில்லை என்பதுதான் எங்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. கண்மதிப்பை நம்ப வேண்டாம், டாக்டர். தற்காலிக ஆன்லே செய்ததும் கேலிப்பரில் வைத்து அளந்து பாருங்கள். 1.2 காட்டினால் அந்த இடத்தைச் சீவிவிட்டு அதன்பிறகு அளவெடுங்கள். காம்போசிட் ஏற்றிய பின்பக்க விளிம்பு அளவில் முழுமையாகத் தெரிய வேண்டும். அங்கே கிழிந்த அளவை வைத்துக்கொண்டு நாங்கள் ஊகத்தில்தான் விளிம்பு போட முடியும். உள்குழிவுகளைக் காம்போசிட்டால் நிரப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று. சில லேப்கள் ஆன்லே உட்புறத்தை ஆசிட் எட்ச் செய்தே (ஆசிட்டால் சொரசொரப்பாக்கியே) அனுப்பும். அது தெரியாமல் நீங்களும் செய்தால் பீங்கான் பலம் குறையும். லேப் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

நீலத்தாள்

கழல்வதற்குச் சிமெண்டின் பெயரைக் குறை சொல்வதில் பயனில்லை. எச்சில் பட்டதும், படிகளைத் தவறவிட்டதும்தான் காரணம்.

தற்காலிகத்துக்கு யூஜினால் கலந்த சிமெண்ட் கூடாது, ரெசின் இறுக அது தடை. முன்பே பாண்டிங் பூசியிருப்பதால் தற்காலிக ரெசின் அதோடு ஒட்டிக்கொள்ளும்; வாசலின் தடவிக்கொண்டு செய்யுங்கள்.

பொருத்திப் பார்க்கும்போது கடிக்கச் சொல்லாதீர்கள். ஒட்டாத பீங்கானுக்குப் பலம் கிடையாது, ஒரே கடியில் பிளக்கும். பக்கத்துப் பல்லோடு தொடர்பை மட்டும் ஃபிளாஸ் விட்டுச் சரிபாருங்கள். பிறகு ஆன்லே உட்புறத்தில் 5% ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் 20 விநாடி, வாய்க்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நன்றாகக் கழுவி உலர்த்தி, சிலேன் (பீங்கானையும் ரெசினையும் பிணைக்கும் திரவம்) 60 விநாடி. வேறு வகைப் பீங்கானான சிர்கோனியாவுக்கு இந்த ஆசிட் வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பல்லில் பழைய பாண்டிங் மேலும் காம்போசிட் மேலும் 50 மைக்ரான் அலுமினா மெதுவாக அடியுங்கள். எனாமலுக்கு 37% பாஸ்பாரிக் ஆசிட் 30 விநாடி. சிமெண்ட் வைத்து அழுத்தியபின் 2 விநாடி மட்டும் லைட். பிதுங்கியது ரப்பர் பதத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அப்போது ஆன்லேவை மேலிருந்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபிளாஸைப் பக்கவாட்டில் உருவுங்கள், மேலே இழுத்தால் ஆன்லேவே எழும்பும். கடைசியாக ஒவ்வொரு பக்கமும் 40 விநாடி.

பயிற்சி_மருத்துவர்

மிக்க நன்றி. லைட்டால் மட்டும் இறுகும் சிமெண்ட் போதுமா, லைட் படாத இடத்திலும் தானாக இறுகும் டூயல் க்யூர் சிமெண்ட் வேண்டுமா? ஒட்டியபின் கடித்தால் மட்டும் சுருக்கென்றால் எங்கே தேடுவது?

நீலத்தாள்

பீங்கான் 2 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் டூயல் க்யூர் எடுங்கள். உங்களுடையதில் பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்தால் பின்பக்கத்தில் அதைத் தாண்டும்.

கடிக்கும்போது மட்டும் சுருக்கென்றால் முதலில் கடி படும் புள்ளியைக் காட்டும் நீலத்தாளை வையுங்கள். நேராகக் கடிக்கவும், இரண்டு பக்கமும் தாடையை நகர்த்தவும் சொல்லி, உயரமான புள்ளியை நுண்ணிய டயமண்டால் தண்ணீர் விட்டுக் குறையுங்கள். சீவிய இடத்தை ரப்பர் பாலிஷர் போட்டு வழவழப்பாக்காமல் விடக்கூடாது, சொரசொரப்பான பீங்கான் எதிர்ப்பல்லை அரைத்துவிடும். புள்ளி எதுவும் இல்லாமல் கடியை விடும்போது வலித்தால் பல்லில் விரிசலைத் தேடுங்கள்.