மறு: பைலோனிடல் சைனஸ் லேசர் சிகிச்சை – புதைமுடிப் புரைன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பைலோனிடல் சைனஸ்ங்கிற நோய்க்கும் (முடி தோலுக்குள்ள இறங்கி சீழ் பிடிக்கிறது), அதோட லேசர் சிகிச்சைக்கும் நாம தமிழ்ப் பேர் தேடிட்டு இருக்கோம். நோய்க்கு நேத்து ஐயா சொன்ன 'மயிர்க்கூட்டுக் குழல்' மூலச்சொல்லுக்கு அப்படியே பொருந்துது, 1880ல ஹாட்ஜஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் லத்தீன்ல முடிக்கு உள்ள சொல்லையும் கூட்டுக்கு உள்ள சொல்லையும் சேர்த்துத்தான் பைலோனிடல்னு பேர் வச்சாரு. ஆனா எங்க அக்கா பையனுக்கு இது வந்தப்ப நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லல, பைக்ல ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்து ஓட்டுனான், கேட்டதுக்கு மூலம்னு சொல்லி சமாளிச்சான். மயிர்ங்கிற சொல்ல அந்தப் பையன் அம்மா முன்னாடி எப்படி வாய்விட்டு சொல்லுவான்? நல்ல தமிழ்தான், ஆனா இன்னிக்கு அது வசவாயிடுச்சு, நோய்க்குப் பேர் வைக்கிறப்ப அத பாக்கணும். சைனஸ்னே விட்டாலும் வீட்ல எல்லாரும் மூக்கடைப்பு, தலைவலின்னுதான் நினைக்கிறாங்க. பவுத்திரம்னு சொல்றதும் தப்பு, அது ஆசனவாய்க்குள்ள போய் சேருற பாதை, இது அங்க போறதில்ல.

இன்னொரு யோசனையான 'வாலெலும்புப் புரை'யும் எனக்கு ஒத்துவரல. பெரும்பாலும் வாலெலும்புக்கு மேல, பிட்டப் பிளவுலதான் வருது, உண்மைதான், ஆனா முடிதிருத்துறவங்களுக்கு விரலிடுக்குலயும் இதே நோய் வருது, வெட்டுன அடுத்தவங்க முடி தோலுக்குள்ள குத்தி இறங்கிடுது. அதனால இடத்த விட்டுட்டு காரணத்த பேர்ல வைப்போம். பையனுக்கு சுத்தம் பண்ணுனப்ப எடுத்தத டாக்டர் காட்டுனாரு, குண்டூசித் தலையளவு துவாரம்தான், உள்ள இருந்து ஈரமா ஒரு கொத்து முடி, சீழோட சுருண்டு கிடந்துச்சு.

என்னோட சொல் 'புதைமுடிப் புரை'. புதைமணல், புதைகுழி மாதிரி புதைமுடி. புரையோடுன புண்ணுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றதுதான், மேல சின்ன வாய், உள்ள நீளமா ஓடுற பொந்து. வெறும் முடிப்புரைன்னு வச்சா வேகமா படிக்கிறவங்களுக்கு முடிவுரைன்னு தெரியுது, அதான் புதை சேர்த்தேன். அக்காகிட்ட இந்தப் பேர சொன்னதுமே, அப்போ அந்த இடத்துல முடி சேராம பாத்துக்கணுமான்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரி சீட்டுல கடைசி வரியா இருந்த அறிவுரை பேர்லயே வந்துடுச்சு பாருங்க.

அடுத்து சிகிச்சை. பெருசா வெட்டாம செய்யுறதுக்கு (மினிமலி இன்வேசிவ்) 'குறைந்தபட்ச ஊடுருவல்'ங்கிற பேர் வேண்டவே வேண்டாம்ங்க, எதிரி நாட்டுப் படை வர்ற மாதிரி இருக்கு, படிக்கிற நோயாளி பயந்துருவாரு. 'சிறுதுளை' போதும். பழைய முறையில சதையோட வெட்டி எடுத்து திறந்தே விட்டா வாரக்கணக்குல டிரெஸ்ஸிங், இதுல துவாரத்த லேசா அகலமாக்கி, முடியும் அழுக்கும் சுரண்டி எடுத்துட்டு, மெல்லிய லேசர் இழைய உள்ள விட்டு (ஒளியோட அலைநீளம் பெரும்பாலும் 1470 நானோமீட்டர்) மெதுவா பின்னாடி இழுத்துக்கிட்டே வர்றாங்க, சுத்தி எல்லாப் பக்கமும் வெப்பம் பட்டு பொந்தோட சுவர் சுருங்குது. அதனால லேசர் 'மூடல்'னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. துவாரத்த அன்னிக்கு தச்சு மூடுறதில்ல, கசியுறது வெளிய வரட்டும்னு விட்டுடுறாங்க, மூடல்னு எழுதுனா நாலாம் நாள் ஜட்டியில ஈரம் பாத்ததும் ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு நினைச்சு பதறிடுவாங்க. திரும்ப வர்றதும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 'சிறுதுளை லேசர் புரைச்சுருக்கம்', இதுதான் என் கட்சி.

பேரோட கடைசியில வர்றது 'சுருக்கம்'மா, 'சுருக்கல்'லா? செய்யுற வேலைங்கிறதால சுருக்கல்தான் சரின்னு இப்ப எழுதுறப்பவே தோணுது, இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.