எடுத்த உடனே ஃபோலிக் ஆசிட் வேண்டாம்

குழு: செங்கோட்டை வீட்டார்

சங்கரன் (புனலூர்), காலை 6:10
[பலமுறை பகிரப்பட்டது] மனநோய் என்று ஒன்று கிடையவே கிடையாது!! எல்லாம் வைட்டமின் பி குறைவுதான்!! டாக்டர் தந்த மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள். தினம் ஒரு ஃபோலிக் ஆசிட் போதும். பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏🙏

சங்கரன்: முத்து, இது நம்ம அம்மைக்கு ஒத்து வரும் போலிருக்கே.

முத்துலெட்சுமி: நேத்து ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்ல அண்ணே. எதிர்வீட்டுக்காரி நம்ம வாளியைத் தூக்கிட்டுப் போயிட்டான்னு ஒரே சண்டை. வாளி கிணத்தடியிலேயேதான் கெடக்கு. காட்டினாலும், அது வேற வாளிங்கா.

முத்துலெட்சுமி: பக்கத்து வீட்டு மதினி கிட்ட அந்த மஞ்ச ஃபோலிக் ஆசிட் மாத்திரை அட்டை ஒண்ணு இருக்கு. மருமக மாசமா இருந்தப்ப வாங்கினது. வாங்கிப் போடட்டா?

கோமதி (திருவனந்தபுரம்): சித்தி, போடாதீங்க!! நைட் டூட்டி முடிச்சு இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். குளிச்சிட்டு வாரேன்.

ராமையா: மாப்ளே, காலையில குட்மார்னிங்கோட நிறுத்தப்படாதா?

சங்கரன்: நல்ல விஷயம்னு போட்டேன் அத்தான் 😐

கோமதி, 6:55: ஆச்சிக்கு கால் எரிச்சல் இன்னும் இருக்கா சித்தி?

முத்துலெட்சுமி: எரிச்சலும் இருக்கு, மதமதப்பும் இருக்கு. பஞ்சு மேல நடக்கிற மாதிரிங்கா. செருப்பு கழண்டு வாசல்லயே கெடக்கும், அது தெரியாம கோயில் தெரு வரைக்கும் வெறுங்காலோட போயிருதா.

கோமதி: முகம் கழுவும்போது ஆடுதாளா?

முத்துலெட்சுமி: ஏட்டி, அதை எப்படிக் கண்டே? சோப்பு போட்டு கண்ணை மூடினா போதும், ஒரு கையால குழாயைப் பிடிச்சுக்கிடுதா.

கோமதி: எங்க நரம்பு வார்டுல இதைக் கேக்காம விடமாட்டாங்க. கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி கொண்டு போற பாதை தண்டுவடத்தோட பின்பாகத்துல ஓடுது. அது பழுதாச்சுன்னா கண்ணால பாத்துதான் சமாளிக்கணும். கண்ணை மூடினதும் ஆட்டம் வந்துரும். பி12 வைட்டமின் குறைஞ்சா அடிவாங்குற இடத்துல அதுவும் ஒண்ணு.

கோமதி: சர்க்கரையாலயும் கால் மதமதக்கும். அதனாலயே எல்லாரும் "சுகர்தானே"ன்னு விட்டுருதாங்க. ஆனா ஆச்சிக்கு மறதி, சந்தேகம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்துல்லா வருது? பி12 குறைவுல மனச்சோர்வு வரலாம், இல்லாததை இருக்குன்னு நம்புறதும் வரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எப்ப இருந்து போடுதா?

முத்துலெட்சுமி: அப்பா இருக்கும்போதே ஆரம்பிச்சது. ரெண்டு வேளை.

கோமதி: அந்த மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா பி12 உடம்புல சேருறது குறையும். வயசாச்சுன்னா வயிறும் அதைச் சரியாப் பிரிச்செடுக்காது. போதாக்குறைக்கு சுத்த சைவம். பால் ஊத்தின காப்பியாவது குடிக்காளா?

முத்துலெட்சுமி: எங்க! கருப்பட்டிக் காப்பிதான். தயிரு கூட சளி பிடிக்கும்னு தொடமாட்டா.

சங்கரன்: முருங்கைக்கீரை தினம் திங்காளே. அதுல எல்லா வைட்டமினும் இருக்குன்னு சொல்லுதாங்களே.

கோமதி: கீரையில ஃபோலேட் இருக்கு மாமா, அதோட மாத்திரை வடிவந்தான் ஃபோலிக் ஆசிட். வேகவச்சா அதுலயும் பாதி போயிரும். பி12 கீரையில கிடையவே கிடையாது. பால், முட்டை, மீன், ஈரல், கறி, இவ்வளவுதான்.

ராமையா: அப்போ நம்ம மாப்ளைக்குக் குறையாது. புனலூர்ல மத்தி வறுவல் இல்லாம சோறு இறங்காதுல்லா.

சங்கரன்: அத்தான்!! முத்து இதெல்லாம் அம்மைக்கு வாசிச்சுக் காட்டுவா 🙏

முத்துலெட்சுமி: 😂😂 ஆனா கோமு, போன மாசம் ரத்தம் பாத்தோமே. ஹீமோகுளோபின் 12, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.

கோமதி: ரத்தம் நல்லா இருந்தும் நரம்பு கெடலாம் சித்தி. இந்த மஞ்ச மாத்திரைதான் அங்கே மோசம் பண்ணும். பெரியப்பா, நீங்க சொல்லுங்களேன், பாடம் நடத்தினவங்க.

ராமையா: சுருக்கமா டைப் பண்ணுதேன். ரத்த அணு பெருகணும்னா டி.என்.ஏ. உருவாகணும், அதுக்கு ஃபோலேட் வேணும். பி12 இல்லாம போனா ஃபோலேட் ஒரே வடிவத்துல மாட்டிக்கிட்டு வேலைக்கு ஆகாம நிக்கும். வெளியில இருந்து ஃபோலிக் ஆசிடைக் கொட்டினா ரத்தம் தேறிரும், டாக்டரும் ஏமாந்துருவார். ஆனா நரம்பு கேக்கிறது பி12ஐ. அங்கே சேதம் பாட்டுக்கு நடக்கும். 1940கள்ல ஃபோலிக் ஆசிட் புதுசா வந்தப்ப ரத்தசோகைக்காரங்களுக்கு அதை மட்டும் குடுத்து இந்த அனுபவம் பட்டாங்க. பி12ஐப் பிரிச்செடுத்ததே 1948லதான்.

ராமையா: இன்னொண்ணு சொல்லணும். ஃபோலேட் கதைக்கு வேர் நம்ம நாட்டுலதான். லூசி வில்ஸ்னு இங்கிலாந்து டாக்டரம்மா 1928ல பம்பாய்க்கு வந்து, மில் வேலைக்குப் போற கர்ப்பிணிகளோட ரத்தசோகையை ஆராய்ஞ்சாங்க. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல எலிகளை வச்சும் பாத்தாங்க. கடைசியில குணமாக்கினது மார்மைட், ஈஸ்ட் சாறு! 1931ல எழுதினாங்க. அதுல இருந்த சரக்கு ஃபோலேட்னு பிறகுதான் தெரிஞ்சது.

சங்கரன்: அப்ப நான் அனுப்பினதுல உண்மையும் இருக்குன்னு ஆச்சு 😎

ராமையா: ஒரு சொட்டு இருக்கு. பெல்லாக்ரா கேள்விப்பட்டிருக்கியா? நியாசின், அதாவது பி3 வைட்டமின் குறைவு. தோல் வெடிக்கும், பேதியாகும், புத்தி பேதலிக்கும். அமெரிக்காவுல தென்பகுதிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள்ல இந்த நோயாளிகள் ஏகப்பட்ட பேர் கெடந்தாங்க. சாப்பாட்டுக் கோளாறுன்னு நிரூபிச்சவர் கோல்ட்பெர்கர்ங்கிற அமெரிக்க டாக்டர். ஹைதராபாத் பக்கம் சோளம் தின்னே வாழ்ந்த ஏழைகளுக்கும் இது வந்தது. அதை ஆராய்ஞ்ச ஊட்டச்சத்து விஞ்ஞானி கோபாலன் சேலத்துல பிறந்தவர். அதனால "சில புத்திக் கோளாறுக்கு வைட்டமின் காரணம்"னு சொன்னா ஒத்துக்கிடுவேன். "எல்லாத்துக்கும்"னு சொன்னா நீ கடைசி பெஞ்சு.

அருணா (கம்பம்), 7:40: மாமா, நான் ரெண்டு வருஷமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுதேன். உங்கள்ல பல பேருக்குத் தெரியாது. போன தடவை இப்படி ஒரு மெசேஜைப் பாத்து நானா நிறுத்தி, ஒரு வாரம் தலை சுத்தி எழும்ப முடியாம கெடந்தேன். தயவுசெஞ்சு இதை எடுத்துருங்க.

சங்கரன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சங்கரன்: தாயி, எனக்குத் தெரியாது. தெரிஞ்சா போட்டிருப்பனா?

கோமதி: அருணா 🤗 இதைப் பரிசோதிச்சும் பாத்திருக்காங்க. டிப்ரஷன் மாத்திரையோட ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. சேத்துக் குடுத்து பிரிட்டன்ல பெரிய சோதனை நடந்தது. 2014ல முடிவு வந்தது, பலன் இல்ல. எல்-மீத்தைல்ஃபோலேட்னு வேற வடிவத்துல 15 மி.கி. குடுத்த சின்ன சோதனையில கொஞ்சம் பலன் தெரிஞ்சது, அதுவும் மாத்திரையோட சேத்துக் குடுத்தப்பத்தான். மாத்திரையை நிறுத்திட்டு இல்ல.

அருணா: சரிக்கா. எனக்கும் பி12 பாக்கணுமா?

கோமதி: ஒரு தடவை பாத்துக்கோ, தப்பில்ல. டாக்டர்கிட்ட நீயே கேளு.

முத்துலெட்சுமி: எதிர்வீட்டுப் பொண்ணு வலிப்புக்கு மாத்திரை போடுதா. தை மாசம் கல்யாணம். அவளுக்கு இந்த மஞ்ச மாத்திரை?

கோமதி: அவளுக்குத்தான் அவசியம். சில வலிப்பு மாத்திரை ஃபோலேட்டைக் குறைக்கும். பிள்ளையோட மூளையும் தண்டுவடமுமா ஆகுற குழாய் முதல் மாசத்துலயே மூடிரும், நாள் தள்ளிப்போனது தெரியுறதுக்குள்ள. அதனால கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். அளவு டாக்டர் சொல்லணும். அவ போடுற மாத்திரையில வால்புரோயேட்னு பேர் இருந்தா, அது வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, கல்யாணத்துக்கு முன்னாடியே நரம்பு டாக்டரைப் பாத்து மாத்தமுடியுமான்னு கேக்கச் சொல்லுங்க. தானா நிறுத்திரக் கூடாது, வலிப்பு வந்துரும்.

கோமதி: இப்ப ஆச்சி விஷயம். முதல்ல ரத்தம் எடுங்க, பிறகுதான் ஊசியோ மாத்திரையோ. முன்னாடியே விழுங்கிட்டா ரிப்போர்ட் நம்மளை ஏமாத்தும். பி12, ஃபோலேட், தைராய்டு, சோடியம், யூரின் எல்லாம் பாக்கணும். பி12 அளவு இடைப்பட்டு நின்னா ஹோமோசிஸ்டீன் டெஸ்ட் கேப்பாங்க, பி12 குறைஞ்சா ரத்தத்துல கூடுற சரக்கு அது. சீட்டு எழுதச் சொல்லி உங்களுக்குத் தனியா அனுப்புதேன்.

சங்கரன்: ஊசி போட்டா பழையபடி ஆயிருவாளா?

கோமதி: பி12தான் காரணம்னா மனசும் புத்தியும் சில வாரத்துலயே தெளியலாம். கால் மதமதப்பு ரொம்ப நாள் ஆனதுன்னா முழுசா போகாது, மேற்கொண்டு கெடாம நிறுத்தலாம். வேற மறதி நோயா இருந்தா ஊசி மட்டும் போதாது. முன்கூட்டி எதுவும் சொல்லமாட்டேன் மாமா. மெட்ஃபார்மினையும் நீங்களா நிறுத்திராதீங்க.

ராமையா: மெடிக்கல்ல பி6 அதிகமுள்ள மாத்திரையை "நரம்புக்கு நல்லது"ன்னு மாசக்கணக்குல வாங்கித் திங்கவும் வேண்டாம். பி6 அளவு மீறினா அதுவே காலை மதமதக்க வைக்கும்.

சங்கரன்: வியாழக்கிழமை காலையில 5 மணிக்கு கார் கொண்டு வாரேன். தென்காசியில ரத்தம் குடுத்துட்டு, ரிப்போர்ட் வந்ததும் ஆரியங்காவு வழியா திருவனந்தபுரம் போயிருவோம்.

கோமதி: ரிப்போர்ட்டைக் குரூப்புல போடாதீங்க, எனக்கு மட்டும் அனுப்புங்க.

முத்துலெட்சுமி: அம்மைகிட்ட சொல்லிட்டேன். முன் சீட்டு தந்தாத்தான் வருவாளாம். வாளியையும் டிக்கியில போடணுமாம்.

சங்கரன்: போட்டுக்கிடுவோம்.